சிறு செய்திகளும் அவற்றின் அளவுகோல்களும்

விழா மலர்களின் முற்பக்கங்களை வாழ்த்துரைகளும் கல்லூரி வரலாறும் நிரப்பிவிடுதல் வழக்கம். இடைப்பக்கங்களுக்கு மாணாக்கர் விரும்பிப் படிக்கத்தக்கதொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டனர். மாணாக்கர் விரும்புவது யாது என்பதில் நமக்கு ஐயமில்லை. கீழ்வகுப்பு மாணவன் ஒருவனது அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்தால் அது விளங்கும். உலகில் மிகப் பெரியது எது, மிக உயர்ந்தது எது, எந்தப் பிராணிக்கு எத்தனை இதயம் என்பன போன்ற செய்திகள் அங்கே நெருக்கி எழுதப்பட்டிருக்கும். கணக்குப் பாடத்தில் உறங்குபவனும் இவற்றைக் கேட்டால் விழித்துக்கொள்வான். பழைய மாணவர் ஒன்றுகூடும் இராப்போசனங்களிலும் இதே நிலைதான். வயது மாத்திரம் கூடியிருக்கும்.

ஆசிரியருட் சிலர் இவற்றைச் சில்லறை அறிவென்று இகழ்வர். நாம் அவ்வாறு இகழ்வதில்லை. ஆயினும், இச்சில்லறையை எண்ணிப் பாராது வாங்குதலும் கொடுத்தலும் தீங்கு பயக்கும் என்பதை நாம் ஒருமுறை நமது பிழையினாலேயே கற்றுக்கொண்டோம். அதனை முதலிற் கூறிவிடுதல் நேர்மையாகும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாடசாலைகளுக்கிடையே நடைபெற்ற ஒரு பொது அறிவுப் போட்டிக்கு நாம் நடுவராயிருந்தோம். கடைசிச் சுற்றில் இரு பாடசாலைகள் சமபுள்ளி பெற்று நின்றன. "உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?" என்று வினவினோம். நமது கையிலிருந்த தாளில் "சகாரா" என்று விடை எழுதப்பட்டிருந்தது. மெலிந்த தேகமுடைய சிறுவன் ஒருவன் எழுந்து, "அந்தாட்டிக்கா" என்றான். சபையில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த பாடசாலை மாணவன் "சகாரா" என்றான். கேடயம் அவர்களுக்குப் போயிற்று. கூட்டம் கலைந்தபின் அச்சிறுவன் நம்மை அணுகி, "ஐயா, பாலைவனம் என்றால் மழை குறைந்த இடந்தானே?" என்று கேட்டான். "தாளில் உள்ளதே விடை, தம்பி" என்று சொல்லி அனுப்பினோம்.

அவன் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழையோ பனியோ வீழும் நிலத்தைப் பாலைவனம் என்பது புவியியலாரிடையே பெருவழக்கான வரையறை. வெப்பம் அவ்வரையறையில் இடம்பெறுவதில்லை. அந்தாட்டிக்காவின் உட்பகுதி மேட்டுநிலத்தில் ஆண்டு முழுவதும் வீழும் பனியை உருக்கி அளந்தால் 50 மில்லிமீற்றரும் தேறாது. அங்குள்ள பனிக்கட்டி முழுவதும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வீழ்ந்து உருகாது கிடப்பது. அக்கண்டத்தின் பரப்பு ஏறத்தாழ 14 மில்லியன் சதுர கிலோமீற்றர். சகாராவோ 9 மில்லியனைச் சற்றே கடக்கும். சகாரா பெரியதுதான், ஆனால் வெப்பப் பாலைவனங்களுள்ளேயே அது பெரியது. நமது தாளிலிருந்த வினாவில் ஒரு சொல் குறைந்திருந்தது. அக்குறைக்குரிய தண்டத்தை அச்சிறுவன் செலுத்தினான்.

அதன்பின்னர் இத்தகைய செய்தி எதனைக் கேட்டாலும், எந்த அளவுகோலால் இது உண்மையாகின்றது என்று தேடிப்பார்ப்பதை நாம் வழக்கமாகக் கொண்டோம். தேடியவற்றுட் சில முழுப்பொய்யாயின. சீனப் பெருமதில் சந்திரனிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பது அவற்றுள் ஒன்று. சந்திரன் ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. மதிலின் அகலமோ சில மீற்றர்களே. ஒரு தலைமயிரை மைல்கள் பலவற்றுக்கு அப்பால் நின்று காண முயல்வதை ஒக்கும். சந்திரன் வரை போவானேன்? 2003 ஆம் ஆண்டில் சீனாவின் முதல் விண்வெளி வீரராகிய யாங் லிவெய் பூமியைச் சுற்றிவந்து இறங்கியபின், தம் கண்ணுக்கு மதில் தெரியவில்லை என்றே கூறினார். மனிதன் தன் மூளையிற் பத்திலொரு பங்கையே பயன்படுத்துகின்றான் என்பதும் அத்தகையதே. இவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

வேறு சில, அளவுகோலுக்கேற்ப விடை மாறுவன. உலகின் உயர்ந்த சிகரம் எது? கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெசுற், 8,848.86 மீற்றர் என 2020 இல் சீனாவும் நேபாளமும் இணைந்து அறிவித்தன. அடியிலிருந்து முடிவரை அளந்தால் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கீ. அதன் அடி கடலுக்குள் ஆழ்ந்து கிடப்பதால் மொத்த உயரம் 10,000 மீற்றரைக் கடக்கும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால், தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலுள்ள சிம்பொராசோ. அது எவரெசுற்றினும் உயரங் குறைந்ததெனினும், பூமி தன் நடுக்கோட்டருகே புடைத்திருப்பதால் அதன் முடி மையத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் அதிகம் விலகி நிற்கின்றது. நமது நாட்டில் இத்தொல்லை இல்லை. சிவனொளிபாதமலை கூர்த்துத் தனித்து நிற்பதனால் அதனையே உயர்ந்ததென்று எண்ணுவோர் பலர்; 2,524 மீற்றர் உயரமுடைய பீதுருதாலகாலையே உயர்ந்தது.

இனி, தூரதேசங்களை விடுத்து நமது வளவுக்குள் வருவோம். வேலியோரம் நிற்கும் பனை மரமா, புல்லா? இவ்வினாவைக் கேட்டால் முதலாம் வகுப்புப் பிள்ளையும் நகைக்கும். ஆனால் தொல்காப்பியர் நகைக்கமாட்டார். பொருளதிகாரத்து மரபியலில் அவர் தாவரங்களை இருவகையாகப் பிரிக்கின்றார். புறத்தே வயிரமுடையன புல்; அகத்தே வயிரமுடையன மரம். இப்பிரிவின்படி வேம்பும் மாவும் மரம்; பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் புல். பனங்குற்றியைப் பிளந்து வளை சீவிய தச்சரைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும். கரிய, இரும்பை ஒத்த வைரம் வெளிச்சுற்றிலேயே இருக்கும். உள்ளே சோறு போன்ற நாரே எஞ்சும். பாலை, முதிரை முதலியவற்றிலோ நடுவே வைரமும் புறத்தே மென்மையும் காணப்படும்.

இதனைப் பழைய இலக்கணகாரர் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இக்காலத் தாவரவியலாரும் பனையை ஒருவித்திலைத் தாவரங்களுள்ளேயே வைக்கின்றனர். புல்லும் நெல்லும் மூங்கிலும் அதே வகுப்பின. வேம்பு முதலியவற்றின் பட்டைக்குக் கீழே ஆண்டுதோறும் புதிய மரப்படலத்தை வளர்க்கும் மெல்லிய இழையமொன்று உண்டு. அதனாலேயே அவை பருக்கின்றன. அடுக்கடுக்காய் வளையங்களும் உண்டாகின்றன. பனைக்கு அவ்விழையம் இல்லை. குருத்தொன்றே அதன் உயிர்நிலை. குருத்தைக் கொய்தாற் பனை மாளும். பனையின் வயதை வளையம் எண்ணி அறியவும் இயலாது. பனைக்கு மாமரத்தினும் நெல்லே நெருங்கிய உறவு. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில், கத்தியொன்றையும் கண்ணையும் மாத்திரம் கொண்டு செய்த பிரிவு இவ்வளவு பொருந்துமாயின், அது பெருஞ்செய்தியன்றோ! பொருளதிகாரத்தை 1885 இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் என்பதை நம்மவர் இவ்விடத்து நினைவுகூர்தல் தகும்.

வாழையும் மரமன்று. அதன் தண்டெனத் தோன்றுவது ஒன்றன்மேலொன்றாய்ச் சுருண்ட மடல்களின் திரளே. உண்மையான தண்டு நிலத்துக்கடியில் கிழங்காய் இருப்பது.

கல்லூரிக் கோயிலிற் பூசைவேளையில் ஊதப்படும் சங்கைப் பற்றியும் ஒரு விசித்திரம் உண்டு. நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடப்புரி என்றே எழுதுவர். மேல்வகுப்பு மாணவர் சிலர் இதனை எங்கோ வாசித்துவிட்டு, நம் முன்னோர் வலமும் இடமும் அறியாதவர் என்று முடிவு கட்டியதை நாம் கேட்டிருக்கின்றோம். நிகழ்ந்தது வேறு. விலங்கியலார் சங்கின் சுருண்ட உச்சியை மேலே வைத்து, வாய் தம்மை நோக்குமாறு பிடித்துப் பார்ப்பர். வாய் வலப்பக்கம் அமைந்தால் வலப்புரி. இடப்பக்கம் அமைந்தால் இடப்புரி. நம்மவரோ உச்சியைக் கீழே வைத்து, வால்போல் நீண்ட பகுதியை மேலே வைத்துப் பார்த்தனர். கவிழ்த்துப் பிடிக்கும்போது, இடப்பக்கத்திலிருந்த வாய் வலப்பக்கம் வந்துவிடுகின்றது. சுருள் தன் இயல்பில் மாறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு திருகாணியைத் தலைகீழாய்ப் பிடித்தாலும் அதன் புரி மாறாததுபோலச் சங்கின் புரியும் மாறாது. பார்ப்பவர்க்கு வாய் எப்பக்கம் தோன்றும் என்பதே மாறுவது. இரு திறத்தாரும் ஒரே பொருளைக் கண்டு, இரு முறையால் இரு பெயரிட்டனர். ஐயமுடையோர் ஒரு சாதாரண சங்கைக் கையிலெடுத்து இருவாறும் பிடித்துப் பார்ப்பாராக. மன்னார்க் குடாவிற் குளித்தெடுத்த சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கு ஏற்றுமதியான காலம் ஒன்று இருந்தது. அச்சங்குகளெல்லாம் பெரும்பாலும் இடம்புரியே. வலம்புரி கிடைப்பது மிக அரிது. அருமையே அதன் விலைக்கும் காரணமாயிற்று.

அடுத்தது அடுக்களை. ஒடியற்கூழைவிட யாழ்ப்பாணத்துக்கு உரிமையானது வேறொன்றில்லை என்பர். சைவ வீடுகளிற் காய்ச்சும் கூழையே எடுத்துக்கொள்வோம். பானையினுள்ளே என்னென்ன விழுகின்றன? ஒடியல் மா நமது பனங்கிழங்கிலிருந்து வந்தது. பலாக்கொட்டைக்குத் தாயகம் இந்தியாவின் மேற்குத்தொடர் மலைப்பகுதி. பயிற்றங்காயின் முன்னோர் ஆபிரிக்காவில் முதன்முதற் பயிரானவை. பழப்புளியும் ஆபிரிக்கக் காட்டு மரத்தினதே. அம்மரம் மிகப் பழைய காலத்திலேயே நம் பக்கம் வந்துவிட்டபடியால், அராபியர் அதன் பழத்துக்கு இந்தியப் பேரீச்சை என்னும் பொருளில் 'தமர் ஹிந்தி' என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் 'தமரிண்ட்' என வழங்குவது அதுவே. மரவள்ளி தென்னமெரிக்காவினது. செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்ததே. கொலம்பசு 1492 இல் அக்கண்டத்துத் தீவுகளை அடைவதற்கு முன் மிளகாயை ஆசியாவில் ஒருவரும் கண்டதில்லை; பின்னரே அது போர்த்துக்கேயர் வழியாக இங்கே பரவிற்று. ஆகவே, 14 ஆம் நூற்றாண்டில் ஆரியச்சக்கரவர்த்திகளின் அரண்மனையில் கூழ் காய்ச்சியிருப்பின், அதிற் காரத்துக்கு மிளகே இடப்பட்டிருக்கும், மரவள்ளித்துண்டும் இருந்திராது. மிளகாய் என்ற பெயரே இவ்வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கின்றது. புதிதாக வந்த காயொன்று மிளகைப்போல் உறைத்தமையால், மக்கள் அதனை மிளகு என்னும் பழஞ்சொல்லோடு காயைச் சேர்த்து அழைத்தனர். கூழ் குடித்தபின் திண்ணையிலமர்ந்து சுருட்டுப் பற்றவைத்த பெரியோர்க்கும் ஒரு சொல்: யாழ்ப்பாணத்துப் புகையிலை புகழ்பெற்றதுதான், அதன் மூதாதையும் அமெரிக்காவினதே. இதனாற் கூழ் நம்முடையது அன்றெனல் ஆகாது. மூன்று கண்டத்துப் பொருள்களை ஒரு பானைக்குள்ளிட்டு, பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்கும் வழக்கம் நம்முடையதே.

வகுப்பறையிலும் இதனைக் காணலாம். ஆசிரியர் அமரும் கதிரை, அவர் முன்னுள்ள மேசை, மூலையில் நிற்கும் அலுமாரி, அதன் சாவி, காற்று வரும் ஜன்னல், இடைவேளையில் உண்ணும் பாண் ஆகிய ஆறும் போர்த்துக்கேயச் சொற்கள். அலுவலகத்தைக் கந்தோர் என்று முதியோர் சொல்லக் கேட்கின்றோமே, அது ஒல்லாந்தச் சொல். நாம் கொடுத்தவையும் உள. கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர் என்பன தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றன. இவற்றினும் வியப்பானது 'அனக்கொண்டா' என்னும் பெயர். அப்பாம்பு வாழ்வது தென்னமெரிக்காவில். பெயரோ இலங்கையிலிருந்து போயிற்று. 1693 இல் ஜோன் ரே என்னும் ஆங்கில இயற்கையறிஞர் இலங்கைப் பாம்பொன்றன் பெயராகவே இதனைத் தம் நூலிற் குறித்தார். பின்வந்தோர் இடத்தை மாற்றிவிட்டனர். பிழையொன்று இவ்வாறு நிலைபெற்று அகராதியும் ஏறிவிடுவதுண்டு.

இனி மாணவர் தாமே கணித்துப் பார்க்கத்தக்கது ஒன்றைக் கூறுவோம். ஞாயிற்றுக்கிழமைக்குப்பின் திங்கட்கிழமை வருவது ஏன்? திங்களுக்குப்பின் செவ்வாய் ஏன்? கிழமைகள் ஏழும் ஏழு கோள்களின் பெயரால் அமைந்தன என்பது யாவருமறிந்தது. ஆனால் இவ்வரிசை கோள்களின் பருமனாலும் ஒளியாலும் அமைந்ததன்று. முற்காலத்தார் ஞாயிற்றையும் திங்களையும் கோள்களோடு எண்ணி, வானத்தைச் சுற்றிவர ஒவ்வொன்றும் எடுக்குங் காலத்தைக்கொண்டு அவற்றை வரிசைப்படுத்தினர். மிக மெதுவாகச் செல்வது சனி; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29 1/2 ஆண்டு. அடுத்து வியாழன், 12 ஆண்டு. பின் செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன். யாவற்றினும் விரைந்தது திங்கள். நாளொன்றின் 24 மணித்தியாலங்களுக்கும் இவ்வரிசைப்படி ஒவ்வொரு கோளை அதிபதியாக்கினர். முதல் மணித்தியாலத்துக்குரிய கோளின் பெயரே அந்நாளுக்கும் பெயராயிற்று.

இனிக் கணக்குப் பார்ப்போம். சனிக்கிழமையின் முதல் மணித்தியாலம் சனிக்குரியது. ஏழேழாய் மூன்று சுற்று முடிய 21 மணித்தியாலம் கழியும். 22 ஆவது மீண்டும் சனி. 23 ஆவது வியாழன். 24 ஆவது செவ்வாய். நாள் முடிந்தது. 25 ஆவது, அதாவது மறுநாளின் முதல் மணித்தியாலம், ஞாயிற்றுக்குரியதாகின்றது. சனிக்குப்பின் ஞாயிற்றுக்கிழமை வந்தவாறு இதுவே. அவ்வாறே ஞாயிற்றிலிருந்து வெள்ளி, புதன், திங்கள் என எண்ண மூன்றாவதாய் நிற்பது திங்கள், அது மறுநாள். இவ்வண்ணம் ஏழு நாளும் வழுவாது அமைதலை விரல்விட்டு எண்ணியே காணலாம். உரோம வரலாற்றாசிரியராகிய டியோ காசியசு 3 ஆம் நூற்றாண்டில் எழுதிய விளக்கங்களுள் இதுவும் ஒன்று. நமது பஞ்சாங்கங்களிற் காணும் ஓரை என்பதும் இதுவே. இரண்டரை நாழிகை ஓர் ஓரை. 60 நாழிகைக்கு 24 ஓரை. ஹோரா என்னும் வடசொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. மணித்தியாலத்துக்கு ஆங்கிலேயர் வழங்குஞ் சொல்லும் அதே வேரினின்று பிறந்தது. நல்ல ஓரை பார்த்துப் பெட்டி கட்டும் பாட்டியும், பெருஞ்சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஓடும் கந்தோர் உத்தியோகத்தரும் ஒரே சொல்லைத்தான் நம்பியிருக்கின்றனர்!

இவ்வளவு உறுதியாய் அமைந்த கிழமைமுறையும் நம் நாட்டிற் சிலகாலம் தன் அதிகாரத்தை இழந்திருந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு வார விடுமுறைநாளாயிருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளையொட்டிய போயா நாள்களே விடுமுறைகளாயின. சந்திரனின் காற்சுற்று ஏழு நாளுக்குச் சற்று மேற்பட்டதாகையால், விடுமுறைகளுக்கிடைப்பட்ட நாள்களின் தொகை ஒரே சீராயிருக்கவில்லை. அக்காலத்துப் படித்த பழைய மாணவர், இன்று எத்தனையாங் கிழமை என்று கேளாமல், போயாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டதை மறந்திருக்கமாட்டார்கள்.

கடைசியாக, பிராணிகளையும் வானத்தையும் பற்றி ஒவ்வொன்று. மீன் சந்தையிற் கிடக்கும் கணவாய்க்கு மூன்று இதயங்கள். இரண்டு செவுள்களுக்கும், ஒன்று உடம்புக்கும் இரத்தம் செலுத்துவன. அவ்விரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு உள்ளமையால், அது காற்றுப்பட்டால் நீலமாகும். இதில் வழக்கிற்கு இடமில்லை.

வெள்ளிக் கோளிலோ வழக்கு உண்டு. அங்கே ஒரு நாள் ஓர் ஆண்டினும் நீண்டது என்று சென்ற தவணையில் ஒரு மாணவன் நம்மிடம் ஆர்வத்தோடு கூறினான். வெள்ளி ஞாயிற்றைச் சுற்ற நமது கணக்கில் 225 நாளும், தன்னைத்தான் ஒருமுறை சுழல 243 நாளும் எடுக்கின்றது. ஆகவே அவன் சொன்னது சரியே. ஆனால் அது சுழல்வது பூமிக்கு எதிர்த்திசையில். அதனால் ஞாயிறு அங்கே மேற்கில் உதிக்கும். ஓர் உதயத்திலிருந்து மறு உதயம் வரை ஏறத்தாழ 117 நாளே செல்லும். நாள் என்பதற்கு இப்பொருள் கொண்டால், வெள்ளியின் ஓராண்டுக்குள் இரு நாள்கள் ஏறக்குறைய அடங்கிவிடும். "நாள் என்று நீ சொல்வது எதனை, தம்பி?" என்று அவனைக் கேட்டோம். அவன் சிறிதுநேரம் நின்று யோசித்துவிட்டு, நாளை வந்து சொல்வதாகக் கூறிச் சென்றான். மறுநாள் ஒரு தோடம்பழத்தையும் மெழுகுதிரியையும் கொண்டுவந்து, மேசையிற் சுழற்றிக் காட்டி விடை சொன்னான்.

இவ்வாண்டுப் பொது அறிவுப் போட்டிக்கு வினாத்தாள் எழுதுங் கடமை மீண்டும் நமக்கு வந்துளது. பாலைவனத்தைப் பற்றிய வினாவை அதிற் சேர்த்திருக்கின்றோம். "வெப்பப் பாலைவனங்களுள் மிகப் பெரியது எது, அதனினும் பெரிய பாலைவனம் எது?" என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்துள்ளோம்.